தெருமரத்தைச் சுற்றிய சிமென்டை முதலில் உடைப்போம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடகிழக்குப் பருவமழை நெருங்கிவிட்டால் சென்னையில் மரக்கன்று நடும் விழாக்கள் களைகட்டும். கல்லூரி மாணவர்கள், அலுவலக ஊழியர்கள், குடியிருப்போர் நலச் சங்கத்தினர் எனப் பலரும் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டுவிட்டு மண்வெட்டியோடு வருகிறார்கள். அந்த உழைப்பின் மேல் எங்களுக்குப் பெரும் மரியாதை உண்டு. ஆனால் கன்று நடும் குழிக்குப் பத்தடி தள்ளி, முப்பது நாற்பது வயதுத் தூங்குமூஞ்சி மரம் ஒன்று அடி வரை சிமென்ட் பூசப்பட்டு, இடுப்பில் கேபிள் வயர் இறுகி, மார்பில் டியூஷன் பலகை அறையப்பட்டு நிற்கும். அன்று நட்ட கன்று அந்த மரத்தின் நிழலைத் தர இன்னும் இருபது வருடமாவது ஆகும். தன்னார்வலர்கள் தங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் பாதியையாவது நிற்கிற மரங்களுக்குக் கொடுக்க வேண்டும் என்று கேட்கவே இதை எழுதுகிறோம். தவறாகச் செய்தால் மரத்துக்கும் கேடு, செய்பவருக்கும் கேடு என்பதால் செய்முறையையும் சேர்த்தே எழுதுகிறோம்.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் நகரைக் கடந்தபோது குல்மொஹரும் இயல்வாகையும் தூங்குமூஞ்சியும் தெருத்தெருவாகச் சாய்ந்தன. அப்படி விழுகிற மரங்களின் அடியை உற்றுப் பார்த்தால் காரணத்தில் ஒரு பகுதி அங்கேயே தெரியும். பல மரங்களின் வேர் பக்கவாட்டில் பரவியிருக்காது. நடைபாதைச் சிமென்டும் வடிகால் சுவரும் விட்ட அளவுக்குப் பெட்டி போல மடங்கியிருக்கும். நீரையும் காற்றையும் உறிஞ்சும் நுண்வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணின் முதல் ஒன்றரை, இரண்டு அடிக்குள்தான் இருக்கிறது. அதன் மேல் கான்கிரீட் போட்டால் மழைநீர் இறங்காது, காற்றும் போகாது. இலை சிறுக்கும், உச்சிக் கிளை காயும். நாளடைவில் மரம் வெளிப்பார்வைக்கு உயிரோடு இருந்தபடியே பிடிமானத்தை இழந்துவிடும்.

2013 ஏப்ரலில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், டெல்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் உள்ள கான்கிரீட்டை அகற்றும்படி உத்தரவிட்டது. அந்த ஒரு மீட்டரை எல்லா ஊரும் அளவுகோலாகக் கொள்ளலாம். சென்னையின் நடைபாதைகளில் மரத்தின் நான்கு பக்கமும் ஒரு மீட்டர் கிடைப்பது அரிது. குறைந்தபட்சம் 1.2 மீட்டருக்கு 1.2 மீட்டர் சதுரம் திறக்க முடிந்தாலே மரத்தில் மாற்றம் தெரியும்.

முதலில் அனுமதி. நடைபாதை மாநகராட்சியின் சொத்து. நல்ல எண்ணத்தோடு உடைத்தாலும் கேட்காமல் உடைத்தால் குற்றம்தான். மாநகராட்சி மண்டலங்களாகவும் வார்டுகளாகவும் பிரிக்கப்பட்டிருக்கிறது. உங்கள் வார்டின் உதவிப் பொறியாளருக்கு ஒரு கடிதம், மண்டலப் பூங்காத் துறைக்கு அதன் நகல். தெருப் பெயர், மரங்களின் எண்ணிக்கை, மர வகை, ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு புகைப்படம், வேலை செய்யும் நாள், நேரம், கொண்டுவரும் கருவிகள் ஆகிய அனைத்தும் ஒரே பக்கத்தில் அடங்க வேண்டும். மரத்தை அடையாளம் காட்ட அருகிலுள்ள தெருவிளக்குக் கம்பத்தின் எண்ணை எழுதுங்கள். 'முருகன் ஸ்டோர்ஸ் எதிரில்' என்று எழுதினால் கடை மாறிய பிறகு யாருக்கும் புரியாது. பேருந்து ஓடும் சாலை என்றால் அது வார்டு அலுவலகத்தின் கீழ் வராது. மாநகராட்சியின் பேருந்துச் சாலைகள் துறையா, மாநில நெடுஞ்சாலைத் துறையா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். 2022இல் வந்த விதிகளின்படி அமைந்த, அந்தப் பகுதி வாக்காளர்கள் கூடும் பகுதி சபைக் கூட்டத்தில் இதை ஒரு கோரிக்கையாக வைத்துப் பதிவு செய்துவிட்டால், அதிகாரி மாறினாலும் வேலை நிற்காது. கடிதத்துக்குப் பதில் வராமல் இழுத்தால் மாநகராட்சியின் 1913 என்ற எண்ணில் புகாராகப் பதிந்து, அந்தப் புகார் எண்ணைக் குறிப்பிட்டு மறுபடி எழுதுங்கள்.

அடுத்து, எந்த மரத்தைத் தொடக் கூடாது என்று தெரிந்துகொள்ள வேண்டும். அடிமரத்தில் தட்டுத் தட்டாகக் காளான் முளைத்திருந்தாலோ, ஒரு பக்கம் மண் புதிதாக மேலெழும்பியிருந்தாலோ, சாய்வு சென்ற வருடத்தைவிடக் கூடியிருந்தாலோ, தட்டினால் பொந்து ஒலி கேட்டாலோ அந்த மரத்தின் அடியில் கடப்பாரையை வைக்காதீர்கள். படம் எடுத்துப் பூங்காத் துறைக்கு அனுப்புவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதைப் போலவே மரத்தில் மின்வயர் சுற்றியிருந்தாலும், அடியில் மின்வாரியப் பெட்டி இருந்தாலும் கை வைக்கக் கூடாது. மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987. சென்னையில் பல பகுதிகளில் மின்கேபிள் நடைபாதைக்கு அடியில்தான் ஓடுகிறது. ஆழமாகத்தான் புதைத்திருப்பார்கள் என்று நம்பி இறங்குவது ஆபத்து. எங்கள் கணக்கில் தன்னார்வலர் தோண்டும் ஆழம் ஒரு சாண். அதற்குக் கீழே போகத் தேவையும் இல்லை.

உடைக்கும் முறைக்கு வருவோம். ஒரு மரத்துக்கு நான்கு பேர். கருவிகள்: இரண்டு கிலோ சம்மட்டி, இரண்டு உளி, நான்கடிக் கடப்பாரை, பாண்டு, பதினைந்து காலிச் சிமென்ட் சாக்கு, இரண்டு ஈரச் சாக்கு, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, தடித்த கையுறை, மூடிய காலணி. ஓட்டை இயந்திரமும் ஜேசிபியும் வேண்டவே வேண்டாம். அந்த அதிர்வில் சிமென்டோடு வேரும் நசுங்கும்.

சாக்பீஸால் சதுரம் வரைந்து, வெளிக்கோட்டிலிருந்து தொடங்குங்கள். பலரும் செய்யும் தவறு, மரத்தை ஒட்டியிருக்கும் சிமென்டை முதலில் கொத்துவது. அங்கேதான் பட்டை மென்மையாகவும் ஈரமாகவும் இருக்கும். உளி ஒரு முறை வழுக்கினால் உள்ளங்கை அகலம் பட்டை பெயர்ந்துவிடும். வெளியே ஒரு விரிசல் விழுந்ததும் கடப்பாரையை அதில் நுழைத்து, துண்டை மரத்துக்கு எதிர்ப்பக்கமாக நெம்புங்கள். மரத்தோடு ஒட்டிய கடைசித் துண்டுகள் பாதி தாமாகவே கழன்று வரும். பட்டைக்குள் புதைந்துபோன சிமென்ட் துண்டு இருந்தால் அதை அப்படியே விட்டுவிட வேண்டும். பேவர் பிளாக் என்றால் வேலை எளிது. முதல் கல்லை இரண்டு தட்டைக் கம்பியால் இரு பக்கமும் நெம்பி எடுத்துவிட்டால் மற்றவை கையோடு வரும். எடுத்த கற்களை அடுக்கி வார்டு அலுவலகத்தில் ஒப்படைத்து, எண்ணிக்கையை எழுதிக் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள்.

பத்து சென்டிமீட்டர் கனமுள்ள கான்கிரீட்டில் இந்தச் சதுரத்தை எடுத்தால், மரம் நிற்கும் இடம் போக, ஏறக்குறைய 300 கிலோ இடிபாடு வரும். சாக்கை நிரப்பினால் தூக்குவது கடினம். அரைச் சாக்கு, அதாவது 25 கிலோ வீதம் கட்டினால் பன்னிரண்டு மூட்டை. நல்ல வேலை செய்துவிட்டு இந்த மூட்டைகளைத் தெருமுனையில் விட்டுச் செல்வதால்தான் பல குழுக்களுக்கு அடுத்த தெருவில் அனுமதி கிடைப்பதில்லை. கட்டட இடிபாட்டைக் குப்பைத் தொட்டியில் போடக் கூடாது என்று கட்டடக் கழிவு மேலாண்மை விதிகளே சொல்கின்றன. மண்டலத்தில் இடிபாடு சேர்க்கும் இடம் எது, வண்டி எப்போது வரும் என்று கேட்டு உறுதி செய்யாமல் சம்மட்டியை எடுக்காதீர்கள்.

சிமென்டுக்குக் கீழே எம்-சாண்ட் என்ற செயற்கை மணலோ கிரஷர் தூசியோ இரண்டு அங்குலம் இருக்கும். அதையும் கையால் வாரி எடுங்கள். அதன் அடியில் நூல் நூலாகச் சிவந்த வேர்கள் சிமென்டோடு ஒட்டிப் படர்ந்திருப்பதைப் பார்ப்பீர்கள். இத்தனை வருடமும் மரம் உயிர் பிழைத்தது அவற்றால்தான். வெயில் பட்டால் சில நிமிடங்களில் காய்ந்துவிடும் என்பதால் உடனே ஈரச் சாக்கைப் போட்டு மூடுங்கள். பிறகு இறுகிய மண்ணைத் தளர்த்த வேண்டும். மண்வெட்டியால் கொத்திப் புரட்டுவது இங்கே பெரும் பிழை. அதில் நுண்வேர் அத்தனையும் அறுந்துபோகும். கடப்பாரை முனையால் ஒன்றரை அடிக்கு ஒன்றாக, ஒரு சாண் ஆழத்துக்குக் குத்தித் துளையிடுங்கள். குத்தும்போது கெட்டியாக எதிலாவது முட்டினால் அடுத்த இடத்துக்கு நகர்ந்துவிடுங்கள். துளைகளில் மட்கிய உரத்தைக் கையால் தள்ளி, மேலே மூன்று பங்கு செம்மண்ணுக்கு ஒரு பங்கு உரம் கலந்து ஏழெட்டுப் பாண்டு பரப்புங்கள். அதன் மேல் சருகு மூன்று விரற்கடை உயரம். சருகுக்கும் அடிமரத்துக்கும் நடுவே ஒரு கை அகலம் இடைவெளி விடாவிட்டால் ஈரம் தங்கிப் பட்டை அழுகும்.

மண் மட்டம் நடைபாதையைவிட இரண்டு அங்குலம் தாழ்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் நடைபாதையில் ஓடும் மழைநீர் மரத்தைத் தேடி வரும். ஓரத்துக்குச் செங்கல் பதிப்பதானால் நடைபாதை மட்டத்திலேயே படுக்கவையுங்கள். நம் ஊரில் மரத்தைச் சுற்றி அழகாக ஒன்றரை அடித் திண்ணை கட்டி, உள்ளே மண்ணை நிரப்பி, டைல்ஸ் ஒட்டி, சங்கத்தின் பெயரும் எழுதிவிடுகிறார்கள். அடிமரம் விரிந்து வேராகும் இடம் எப்போதும் வெளியே தெரிய வேண்டிய இடம். அதை மண்ணில் புதைத்தால் பட்டை அழுகி, மேலே பச்சையாக இருக்கும்போதே மரம் அடியில் செத்துக்கொண்டிருக்கும். சிமென்டை உடைக்கும் அதே அக்கறையோடு இந்தத் திண்ணைகளையும் தடுக்க வேண்டும். அரசமரத்தடிப் பிள்ளையார் மேடை வேறு விஷயம். அங்கே பூசை செய்பவரோடு உட்கார்ந்து பேசி, மேடையின் ஒரு பக்கத்தைத் திறக்க ஒப்புதல் வாங்குவதே வழி. மரத்தடியில் வைத்துவிட்டுப் போகும் பழைய சாமிப் படங்களையும் அருகிலுள்ள கோயிலில் கேட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

நடைபாதை நடப்பவர்களுக்கானது என்பதையும் மறக்கக் கூடாது. சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரசின் வழிகாட்டி குறைந்தது 1.8 மீட்டர் தடையற்ற அகலம் கேட்கிறது. திறந்த சதுரம் போக அந்த அகலம் மிஞ்சாத இடத்தில் பள்ளமாக விடாதீர்கள். பார்வையற்றவர் கால் இடறும், சக்கர நாற்காலி சிக்கும். அங்கே மண்ணுக்கு மேல் 20 எம்எம் ஜல்லியை நடைபாதை மட்டம் வரை இட்டு நிரப்பினால் காலுக்கும் சமம், நீரும் இறங்கும்.

எந்த மாதத்தில் செய்வது? ஜூனிலிருந்து செப்டம்பர் பாதி வரை மாலை மழை இருக்கும், புயல் இருக்காது. அக்டோபர் பிறந்துவிட்டால் புதிதாக எதையும் திறக்க வேண்டாம். சிறிதளவு சாய்ந்த மரமென்றால் இந்த வருடம் பாதிச் சதுரம், அடுத்த வருடம் மீதி. திறந்த பிறகு முதல் கோடையில் வாரம் ஒரு முறை நான்கைந்து குடம் தண்ணீர் போதும். அடுக்குமாடிகளில் வீணாகும் ஆர்ஓ கழிவுநீரை ஊற்றச் சொல்லிப் பலரும் யோசனை கூறுகிறார்கள். உப்பு மிகுந்த நீர் அது. மாதக்கணக்கில் ஊற்றினால் மண் கெட்டுவிடும். தள்ளுவண்டிக் கடைக்காரர்கள் கொதிநீரையும் எண்ணெயையும் மரத்தடியில் கொட்டுவதை நயமாகச் சொல்லித் தடுக்கலாம். பெரும்பாலோர் கேட்டுக்கொள்வார்கள், அவர்களுக்கும் அந்த நிழல் வேண்டும்.

ஆணிகளைப் பற்றிச் சில சொற்கள். ஓர் ஆணி மரத்தைக் கொன்றுவிடும் என்று சொல்வது மிகை. ஆனால் இரண்டு அங்குல ஆணி பட்டையையும் அதன் அடியிலுள்ள வளரும் திசுவையும் தாண்டிக் கட்டைக்குள் போகிறது. வருடத்துக்கு இருபது முப்பது என்று ஏறிக்கொண்டே போனால் அழுகலுக்கு அத்தனை வாசல். புயலுக்குப் பின் விழுந்த மரத்தை அறுக்கும்போது சங்கிலி ரம்பம் உள்ளே புதைந்த ஆணியில் பட்டுத் தெறித்தால் அறுப்பவரின் உயிருக்கே ஆபத்து. பிடுங்கும்போது சுத்தியலின் பிளவுப் பக்கத்தை நேராகப் பட்டையில் ஊன்றி நெம்பாதீர்கள். ஆணியைவிட அந்த அழுத்தம்தான் பெரிய காயம் செய்யும். சுத்தியலுக்கு அடியில் ஒரு சிறு பலகைத் துண்டை வைத்து, ஆணி போன கோட்டிலேயே நேராக வெளியே இழுங்கள். தலை உடைந்து கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தால் குறடு. தலை முழுவதும் மரத்துக்குள் மூடிவிட்டதென்றால் விட்டுவிடுங்கள். மரம் அதைத் தன்னளவில் அடைத்துக்கொண்டது. தோண்டி எடுத்தால் ஆறிய புண்ணைக் கிளறுவதாகும்.

துளைக்கு என்ன பூசுவது என்று எல்லோரும் கேட்கிறார்கள். தாரும் பெயின்டும் சிமென்டும் கட்டாயம் கூடாது. மரம் காயத்தை எப்படிச் சுவர் எழுப்பி அடைக்கிறது என்பதை அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் அலெக்ஸ் ஷிகோ பல ஆண்டுகள் மரங்களை அறுத்துப் பார்த்து விளக்கினார். மேற்பூச்சு அழுகலைத் தடுப்பதில்லை என்பதே அவருடைய முடிவு. மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்து மெல்லப் பூசுவது நம்மவர் வழக்கம். அதைச் செய்வதில் தீங்கு காணவில்லை, பூசாவிட்டாலும் மரத்துக்கு நட்டமில்லை. துளையை அடைக்காமல் இருந்தால் போதும்.

பிடுங்கிய ஆணியை எண்ணி டப்பாவில் போடுங்கள். முடிந்ததும் பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றைக் கயிற்றில் கட்டி மரத்தடியையும் சாலை ஓரத்தையும் ஒரு முறை இழுத்துச் செல்லுங்கள். ஸ்டேப்ளர் பின்னும் உடைந்த தலைகளும் அதில் ஒட்டிக்கொள்ளும். இல்லையென்றால் திங்கட்கிழமை அந்தத் தெருவின் இருசக்கர வண்டிகள் எல்லாம் பஞ்சர் கடையில் நிற்கும். துருப்பிடித்த ஆணியோடு வேலை என்பதால் வருகிறவர்கள் டெட்டனஸ் ஊசி போட்டிருக்கிறார்களா என்று முன்பே கேட்டுவிடுங்கள். ஏணியில் எட்டடிக்கு மேல் யாரும் ஏற வேண்டாம். மழை நாளில் வேலையே வேண்டாம்.

பலகைகள் ஒரே வாரத்தில் திரும்பி வரும். அதற்கு மனம் தளர வேண்டியதில்லை. கழற்றும் முன் பலகையில் உள்ள பெயரும் எண்ணும் தெரியப் படம் எடுத்து, பட்டியலாக வார்டு அலுவலகத்தில் கொடுங்கள். பொது இடங்களை அனுமதியற்ற விளம்பரங்களால் அலங்கோலப்படுத்துவதைத் தடுக்க 1959ஆம் ஆண்டிலிருந்தே தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது. கழற்றிய பலகையை உடைத்து எறிய வேண்டாம், பட்டியலோடு சேர்த்து ஒப்படையுங்கள். வாடகைக்கு வீடு, பிளம்பர், டியூஷன் விளம்பரங்களுக்குத் தெருமுனையில் சங்கத்தின் செலவில் ஓர் அறிவிப்புப் பலகை நிறுத்தினால் பாதிப் பேர் அங்கே மாறிவிடுவார்கள்.

ஆணியைவிட மோசமானது கட்டுக்கம்பி. கேபிள் டிவி, இணைய வயர், பழைய பேனர் கயிறு, திருவிழா சீரியல் விளக்கு எதுவானாலும் மரம் பருக்கப் பருக்க அது உள்ளே இறங்கும். இலை தயாரிக்கும் உணவு பட்டை வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது. சுற்றிலும் ஒரு வளையமாக அது நெரிபட்டால் வேர் பட்டினி கிடக்கும். மின்சாரம் இல்லை என்று உறுதியான கட்டுக்கம்பியை மட்டும் கட்டிங் பிளேயரால் இரண்டு இடத்தில் வெட்டி எடுங்கள். இணைய வயரை வெட்டாதீர்கள், நிறுவனத்தை அழைத்து நகர்த்தச் சொல்லுங்கள். இரும்புக் கூண்டுகளும் இந்தக் கணக்குதான். கன்று நடும்போது போட்ட கூண்டை மூன்றாவது வருடம் எடுக்க யாரும் வருவதில்லை. வளையம் பட்டையைத் தொடத் தொடங்கியதும் ஆக்சா பிளேடால் எதிரெதிரே இரண்டு இடத்தில் அறுத்து, இரண்டு பாதியாகப் பிரித்து எடுக்க வேண்டும். மரத்துக்குள் புதைந்துவிட்ட பாகத்தை விட்டு, வெளியே நிற்பதை மட்டும் அறுங்கள்.

கிளை வெட்டுவது தன்னார்வலர் வேலை இல்லை. மரத்தை அகற்ற மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும். வடிகாலுக்காகவோ கேபிளுக்காகவோ ஜேசிபி வந்து நின்றால் மட்டும் உடனே போய்ப் பேசுங்கள். மரத்தின் அருகே கையால் தோண்டச் சொல்லுங்கள். தவிர்க்க முடியாத வேரை ரம்பத்தால் நேராக அறுக்கச் சொல்லுங்கள். இயந்திரத்தின் பல் இழுத்துக் கிழித்த வேர் ஆறாது. ஒரு பக்க வேர் முழுவதும் போய்விட்டால் அந்த மரத்தின் அருகிலுள்ள தெருவிளக்குக் கம்பத்தின் எண்ணைப் பூங்காத் துறைக்கு அன்றைக்கே எழுத்தில் கொடுத்துவிட வேண்டும்.

எங்கள் கணிப்பில், இருபது பேர் கொண்ட குழு ஒரு காலையில் முப்பது மரங்களின் ஆணியை எடுத்துவிடலாம். சிமென்ட் என்றால் நான்கு, மிஞ்சினால் ஐந்து மரம். நூறு கன்று நட்டோம் என்ற எண்ணுக்கு முன் இது சிறிதாகத் தெரியலாம். அதனால்தான் உங்கள் நாளிதழிடம் ஒரு வேண்டுகோள்: நடும் விழாவின் படத்தை வெளியிடும்போது, அதே குழு சென்ற வருடம் நட்ட கன்றுகளில் எத்தனை நிற்கின்றன, அந்தத் தெருவில் எத்தனை பெரிய மரங்களின் அடி திறந்திருக்கிறது என்ற இரண்டு கேள்விகளையும் கேட்டு, பதிலைப் படத்தோடு சேர்த்து அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
தெருமரப் பராமரிப்பில் ஈடுபட்டுள்ள தன்னார்வலர்கள்,
சென்னை.